ஆவூர்ப் பக்கத்து வீட்டுச் சுவர்கள்: வெயிலும் ஓதமும் காத்த வரலாறு

மக்கட்கு இன்றியமையாதவை உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமாம். இவற்றுள் உணவைக் குறித்தும் உடையைக் குறித்தும் நம்மவர் நாள்தோறும் ஆராய்கின்றனர். உறையுளைக் குறித்தோ, வீடு தொடங்கும் நாளில் மனையடி பார்த்தலோடும், முடிக்கும் நாளில் முகப்பிற்கு வண்ணம் தேர்தலோடும் நின்றுவிடுகின்றனர். இடையில் நிற்கும் சுவரை நினைப்பார் சிலரே. ஆயினும் சித்திரை வைகாசியில் நம் இல்லத்து முதியோரும் குழந்தைகளும் இரவெல்லாம் உறக்கமின்றிப் புரள்வதற்கும், ஐப்பசி கார்த்திகையில் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சுப் பொரிந்து உதிர்வதற்கும் பெருங்காரணம், வீட்டின் புறச்சுவரும் மேற்றளமும் தத்தம் தொழிலைச் செய்யாமையே. ஆதலின், ஆவூரையும் அதனைச் சூழ்ந்த புதுக்கோட்டைச் சீமையையும் நிலைக்களனாகக் கொண்டு, நம் முன்னோர் வெயிலையும் ஈரத்தையும் சுவரால் எவ்வாறு தடுத்தனர், அம்முறை எப்பொழுது எதனால் மாறிற்று, அம்மாற்றத்தில் நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பவற்றை யாம் ஈண்டுச் சுருங்க எடுத்துரைக்கப் புகுகின்றோம். பழம்பெருமை பேசி மகிழ்தல் எம் நோக்கமன்று. பழைய வீட்டை இடிக்கவோ புதுப்பிக்கவோ எண்ணியிருக்கும் அங்கத்தினர் கடப்பாரையை எடுக்குமுன் ஒருமுறை இதனைப் படித்தல் வேண்டும் என்பதே எம் விருப்பம்.

ஊரும் வெயிலும்

ஆவூர் திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, விராலிமலைப் பக்கத்தில் உள்ள சிற்றூர். தொண்டைமான் மன்னரின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அடங்கியிருந்தது. அச்சமஸ்தானம் 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. மதுரை மிஷனைச் சார்ந்த சேசுசபைக் குருமார் தங்கியிருந்த இடமாதலால் ஆவூரின் பெயர் ஐரோப்பியர் எழுதிய கடிதங்களிலும் ஏறியுள்ளது. பிரெஞ்சு நாட்டுப் பூஷே அடிகள் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு ஓர் ஆலயம் எழுப்பினார். பின்னர் 1747-ஆம் ஆண்டில் பெரிய ஆலயம் கட்டப்பட்டது. தேம்பாவணி இயற்றிய வீரமாமுனிவரும் இவ்வூரில் பணிபுரிந்தவரே.

சமயச் செய்தியை விடுத்துக் கட்டடச் செய்தியை மட்டும் ஈண்டு நோக்குவோம். இன்று கட்டடம் என்றவுடன் நம் நினைவிற்கு வரும் போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் யோசேப்பு ஆஸ்ப்டின் என்பார் உரிமைப் பட்டயம் பெற்றது 1824-இல் ஆகும். ஆவூர்ப் பெரிய ஆலயம் அதற்கு 77 ஆண்டு முற்பட்டது. அஃதாவது, இச்சிமெண்டு பிறவாத காலத்திலேயே, இவ்வெயிலிலும் இம்மழையிலும் நூற்றாண்டுகள் நிற்கத்தக்க சுவரை எழுப்பும் திறம் இந்நாட்டுக் கொத்தர்பால் இருந்தது. அத்திறம் எத்தகையது என்று அறிய வேண்டுமாயின், முதலில் அவர் எதிர்த்து நின்ற வெயிலை அறிதல் வேண்டும்.

இந்தியக் கட்டட விதிகள் நம் நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாக வகுத்துள்ளன. அவற்றுள் திருச்சிராப்பள்ளிப் பகுதி வெப்பமும் ஈரமும் மிக்க மண்டலத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆவூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பத்தரைப் பாகை அளவில் இருப்பதால், கதிரவன் ஆண்டிற்கு இருமுறை, சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி முற்பாதியிலும், நண்பகலில் நேர் உச்சியில் நிற்கின்றான். அக்காலத்து நண்பகல் வெயிலைத் தாங்குவது மேற்றளமே. காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயிலோ கிழக்குச் சுவரையும் மேற்குச் சுவரையும் நேரே தாக்குகின்றது. மார்கழி தை மாதங்களில் தென்சுவர் மீது வெயில் படினும், அது உயரத்திலிருந்து வருவதால் சிறிது நீண்ட இறவாரமே அதனைத் தடுத்துவிடும். மேற்குச் சுவரின் மாலை வெயிலை இறவாரம் ஒன்றினால் தடுத்தல் இயலாது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், பழைய வீடுகளின் அமைப்பில் பாதி தானே விளங்கும்.

வெயில் ஒரு பகை. புழுக்கம் மற்றொரு பகை. வறண்ட காற்றில் வியர்வை விரைந்து உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருக்குமாயின் வியர்வை உலராது நின்றுவிடும். அந்நிலையில் உடல் தன் வெம்மையைக் கழிக்க வேண்டிய வழிகளுள் சுற்றியுள்ள சுவர்களும் ஒன்று. சுவர் உடலினும் தண்ணியதாயின் உடலின் வெம்மையைத் தான் வாங்கிக்கொள்ளும். வெய்யதாயின் அடுப்பைப்போல் உடல்மீது வெம்மையை வீசும். வீட்டிற்குள் நாம் உணரும் வெம்மையில் ஏறக்குறையப் பாதி காற்றால் வருவது, மற்றைப் பாதி சுவராலும் தளத்தாலும் வருவது எனக் கட்டட நூலார் கணக்கிடுவர். மின்விசிறி ஓயாது சுழன்றும் அறையில் இருக்க முடியவில்லை என்று நம்மவர் கூறுவதன் காரணம் இதுவே. விசிறி காற்றை அசைக்குமேயன்றிச் சுவரின் சூட்டைத் தணியாது.

மண்ணும் கூரையும்

இப்பகுதியில் மிகப் பழைய சுவர் மண்சுவரே. குளத்து மண்ணையோ செம்மண்ணையோ நீர்விட்டு மிதித்துப் பதப்படுத்தி, படைபடையாக ஏற்றி, ஒரு படை காய்ந்த பின் அடுத்த படை வைத்துக் கட்டினர். அச்சுவரின் மேல் பனையோலையோ, தென்னங்கீற்றோ, வைக்கோலோ வேய்ந்த கூரை சுவரைக் கடந்து வெகுதூரம் தாழ்ந்து வந்தது. வீட்டிற்குள் நுழைவோர் தலைகுனிய வேண்டியிருந்தது. இதனை வறுமையின் அடையாளமாகவே பலர் கருதினர். ஆனால் அத்தாழ்ந்த கூரை சுவருக்குக் குடையாகும். வெயில் சுவரைத் தொடவில்லை. மழைச்சாரல் மண்ணைக் கரைக்கவில்லை. வேய்ந்த கூரையோ, ஓலைக்கும் ஓலைக்கும் இடையே, தாளுக்கும் தாளுக்கும் இடையே அசையாக் காற்றைச் சிறைப்பிடித்து வைத்துக்கொண்டு, வெம்மை கீழிறங்காமல் தடுத்தது. இக்காலத்தில் பெரும்பொருள் கொடுத்து வாங்கும் தெர்மோகோல் முதலிய வெப்பக் காப்புப் பொருள்களும் இதே நெறியில்தான் தொழில் செய்கின்றன. காப்பது பொருளன்று, அதனுள் அடைபட்ட காற்றே.

மண்சுவருக்கு மற்றொரு குணமும் உண்டு. காற்றில் ஈரம் மிகும்போது அதனில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும்; காற்று வறளும்போது திருப்பி விடும். ஆகவே அடைமழை நாளிலும் மண்வீட்டில் புழுக்கம் மட்டுப்பட்டிருக்கும்.

இவ்வாறு கூறுவதால் கூரைவீட்டில் குறையே இல்லை என்பது எம் கருத்தன்று. கறையான் அரித்தது, பெருமழையில் சுவர் சரிந்தது, இரண்டொரு ஆண்டிற்கு ஒருமுறை வேயும் செலவு ஏழைக்குச் சுமையாயிற்று. எல்லாவற்றினும் கொடிது தீ. 1812-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை நகரில் பெருந்தீ மூண்டு, நெருங்கியிருந்த கூரைவீடுகளை அழித்தது. அக்காலத்தில் அரசு புரிந்தவர் விஜயரகுநாதத் தொண்டைமான். ஆங்கில ரெசிடெண்டாயிருந்த மேஜர் பிளாக்பர்ன் என்பவரின் யோசனையைத் தழுவி நகரம் நேரிய அகன்ற தெருக்களோடு புதிதாக எழுந்தது. கூரை வீடுகள் நின்ற இடத்தில் ஓட்டு வீடுகள் எழுந்தன. புதுக்கோட்டையின் தெருவொழுங்கை இன்றும் காண்போர் வியக்கின்றனர்.

தீயின் அச்சத்தால் கூரை நீங்கிற்று. அம்மாற்றம் தக்கதே. ஆயினும் கூரையோடு வெப்பக் காப்பும் நீங்கிவிட்டமையின், அதனை ஈடுசெய்ய வேறு வழி தேட வேண்டியதாயிற்று. நாட்டோட்டை ஒற்றை வரிசையாக வையாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்காகப் பரப்பினர். அடுக்குகளின் இடையே காற்று நின்றது. தாழ்ந்த இறவாரத்தை விடாது வைத்துக்கொண்டனர். தெருப்பக்கத்தில் திண்ணையும் ஆளோடியும் அமைத்து முகப்புச் சுவரை நிழலில் நிறுத்தினர். ஒன்றை இழந்தபோது மற்றொன்றால் நிரப்பிய இவ்வறிவு குறித்துக்கொள்ளத் தக்கது. பிற்காலத்தில் நாம் கைவிட்டது இவ்வறிவையே.

சுண்ணாம்பின் காலம்

சுண்ணாம்புச் சுதை நமக்குப் புதியதன்று. சங்கச் செய்யுளாகிய நெடுநல்வாடையிலேயே அரண்மனைச் சுவரிற் சுதை பூசிய செய்தி வருகின்றது. புதுக்கோட்டைச் சீமைக்குள்ளேயே சித்தன்னவாசல் குகைக்கோயிலில் 9-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின் மீதே தீட்டப்பட்டுள்ளன. ஓவியத்தின் பகுதிகள் இற்றை நாள்வரை நின்றிருப்பது அப்பூச்சின் வலிமைக்குச் சான்றாகும்.

சுண்ணாம்பின் தொழிலை இங்குச் சிறிது விளக்குவோம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு, ஏறக்குறைய 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திற் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு நீங்கும். சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் அது கொதித்துப் பொங்கி நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு கூட்டி, செக்கிலிட்டு நெடுநேரம் அரைத்துக் காரையாக்குவர். சுவரிற் பூசிய பின், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக மீண்டும் உட்கொண்டு, பழையபடி கல்லாகின்றது. கல் சாந்தாகி, சாந்து மீண்டும் கல்லாகும் இச்சுழற்சி முடியப் பல திங்கள், பருத்த சுவராயின் பல ஆண்டுகள், செல்லும். கடுக்காய் ஊறிய நீரும், வெல்லப்பாகும் சேர்த்தமையும், மேற்பூச்சிற்கு முட்டையின் வெண்கருவைக் கூட்டிக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியமையும் சாந்து மெல்ல இறுகவும், பிளவின்றி நிற்கவும் உதவின. பளிங்கோ என்று ஐயுறுமாறு மின்னிய சென்னைச் சுதையை ஐரோப்பியப் பயணிகள் பலர் புகழ்ந்துள்ளனர்.

இச்சுதை மக்கள் வாழும் இல்லங்களிற் பேருரு எய்தியது செட்டிநாட்டில். அச்செட்டிநாட்டு ஊர்களிற் பல இப்புதுக்கோட்டை மாவட்டத்திற்குள்ளேயே உள்ளன. ராயவரம், அரிமளம், கோனாபட்டு, குழிபிறை, நச்சாந்துபட்டி, கடியாபட்டி என்பன அவற்றுட் சில. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல், 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதனால் வாணிகம் தடைப்பட்ட காலம்வரை, நகரத்தார் பெருமக்கள் அங்கு மாளிகைகள் எழுப்பினர். பர்மாத் தேக்கும், ஐரோப்பியக் கண்ணாடியும், ஆத்தங்குடிப் பூக்கல்லும் எல்லாரும் அறிந்தவை. எம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவது சுவரே. செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் வைத்துப் பருமனாகக் கட்டிய சுவர், பல படலமாகப் பூசிய சுதை, சூழ ஓடும் தாழ்வாரம், நடுவே வானம் நோக்கிய முற்றம் ஆகிய இந்நான்கும் சேர்ந்தே அவ்வீட்டின் குளிர்ச்சியாயின. 2014-ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம் பெற்றன.

செல்வர்க்கே உரிய செய்தி என்று இதனைத் தள்ளிவிடல் வேண்டா. இம்மாவட்டத்திற் பலவிடத்து வெட்டியெடுக்கப்படும் செம்புராங்கல் எளியோர்க்கும் சுவராயிற்று. நிலத்தினின்று வெட்டும்போது மென்மையாயிருந்து, காற்றுப் பட்டபின் இறுகுவது அக்கல்லின் இயல்பு. மலையாள நாட்டில் இக்கல்லைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் செங்கல் எனப் பொருள்படும் இலத்தீன் மொழிச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். அதன் உடலெங்கும் நுண்ணிய துளைகள் இருப்பதால் காற்றும் நீராவியும் அதனுள் இயங்கும்.

செக்கில் காரை அரைத்தவரும், தலையில் கூடை சுமந்தவரும், சுவரைத் தேய்த்து மெருகிட்டவரும் கூலிக்கு உழைத்த ஆடவரும் பெண்டிருமே. வீட்டின் முகப்பிற் பொறிக்கப்படுவது உடையவர் பெயரே. ஆயினும் அவ்வீட்டின் தண்மை உழைத்தவர் கையினின்று வந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

சுவரின் முத்தொழில்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நம் நாட்டுப் புறச்சுவர்க்குத் தொழில் மூன்று என்பது புலனாகும்.

முதலாவது, நிழலில் நிற்றல். சுவரில் வெயில் படாதாயின் மற்றைக் காப்புகளின் தேவை பெரிதும் குறையும். இறவாரம், திண்ணை, தாழ்வாரம், மேற்கில் நட்ட புங்கும் வேம்பும் இத்தொழிலைச் செய்தன. நிழல் எட்டாத இடத்தில் வெள்ளையடித்தலே நிழலுக்கு ஈடாயிற்று. புதிதாய் அடித்த சுண்ணாம்பு வெள்ளை தன்மேற் படும் வெயிலில் மூன்றில் இரு பங்கிற்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பொங்கல்தோறும் சுவருக்கு வெள்ளையடித்த வழக்கம் அழகிற்கு மட்டும் ஏற்பட்டதன்று. சித்திரை வெயிலுக்கு முன்னேற்பாடும் ஆகும்.

இரண்டாவது, வெம்மையைத் தாழ்த்தி அனுப்புதல். ஒன்பது அங்குலப் பருமனுள்ள செங்கற்சுவரின் புறத்தே ஏறிய சூடு அகத்தே வந்து சேர ஏறக்குறைய 7 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்குக் காய்ந்த மேற்குச் சுவர் இரவு 11 மணிக்கு, நாம் படுத்திருக்கும் நேரத்தில், உள்ளே வெம்மையை உமிழும். சுவரின் பருமன் பதினெட்டு அங்குலமாயின் அந்நேரம் இரட்டிக்கும். சூடும் மிகத் தேய்ந்து, விடியற்காலையிலேதான் வந்து சேரும். அந்நேரத்தில் முற்றத்தின் வழியே இறங்கும் தண்காற்று அதனைத் துடைத்துச் செல்லும். ஆகவே பருத்த சுவரும் திறந்த முற்றமும் ஒன்றற்கொன்று துணையானவை. இரவில் காற்றோட்டம் இல்லாத வீட்டில் சுவரை மட்டும் பருக்க வைத்தல் சூட்டைச் சேமித்து வைத்தலாகவே முடியும். கடற்கரை ஊர்களில் பகலுக்கும் இரவுக்கும் வெம்மை வேறுபாடு சிறிதாதலால் பருத்த சுவரின் பயனும் சிறிதே. அங்கு நிழலும் காற்றுமே முதன்மை. ஆவூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் அவ்வேறுபாடு பெரிதாதலின் பருமன் நற்பயன் தருகின்றது.

மூன்றாவது, மூச்சு விடுதல். நிலத்தினின்று கடைக்கால் வழியே ஏறும் ஓதமும், மழையில் நனைந்த ஈரமும், சமையலறையின் ஆவியும் சுவருக்குள் நுழையாமல் இரா. மண்ணும் சுண்ணாம்பும் அவற்றை உள்ளே தங்கவிடாமல் மெல்ல வெளியேற்றின. இத்தொழிலைக் கண்ணாற் காண்டல் அரிது. அதனாலேயே முதலில் மறக்கப்பட்டதும் இதுவாயிற்று.

சிமெண்டு வந்த பின்

இந்தியாவில் சிமெண்டுத் தொழில் நிலைபெற்றது 1914-இல் போர்பந்தரில் ஏற்பட்ட ஆலையால் ஆகும். 1939-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கல்லக்குடியை அடுத்த டால்மியாபுரத்தில் ஓர் ஆலை எழுந்தது. அதன் பின்னர் நம் பகுதிக்கும் சிமெண்டு கைக்கெட்டும் பொருளாயிற்று. சில நாளில் இறுகும் சாந்து, நீரைத் தாங்கும் வலிமை, இரும்புக் கம்பியோடு சேர்ந்து தட்டையான தளமாகும் ஆற்றல் என இதன் நன்மைகள் பல. பாலமும் அணையும் பள்ளிக்கூடமும் இதனாலன்றி இத்துணை விரைவில் எழுந்திரா. சிமெண்டைப் பழித்தல் நன்றி மறத்தலாகும்.

எனினும் வீட்டுச் சுவரில் நேர்ந்தது வேறு. சிமெண்டுச் சாந்து வலியது என்பதால் சுவரின் பருமன் ஒன்பது அங்குலமாகவும், பல இடங்களில் நாலரை அங்குலமாகவும் குறைந்தது. இரண்டாம் தொழில் போயிற்று. தளம் தட்டையானமையின் இறவாரம் ஒடுங்கிற்று, திண்ணை அறையாயிற்று, முதல் தொழில் போயிற்று. கற்காரைத் தளமோ, செங்கல்லைப் போல் இரு மடங்கு விரைவில் வெம்மையைக் கடத்துவது. பகலெல்லாம் காய்ந்த அத்தளம் இரவெல்லாம் உறங்குவோர் தலைமேல் வெம்மையைப் பொழிகின்றது. 1812-க்குப் பின் கூரை நீங்கியபோது அதற்கு ஈடுதேடிய நம்மவர், இம்முறை ஈடுதேடவில்லை. ஈடாக வந்தது முதலில் மின்விசிறி, பின்னர்க் குளிர்சாதனம்.

புதுவீடுகளுக்கு நேர்ந்தது இது. பழைய வீடுகளுக்கு நேர்ந்ததோ இதனினும் கொடிது. சுண்ணாம்புப் பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்தால், உறுதியாக இருக்கட்டும் என்று அதன்மேல் சிமெண்டு பூசுகின்றனர். அதற்கும் மேல் நெகிழிவண்ணம் தீட்டுகின்றனர். உள்ளேயுள்ள மண்ணும் சுண்ணாம்பும் மூச்சு விடுவன. மேலேயுள்ள பூச்சு மூச்சடைப்பது. கீழிருந்து ஏறிய ஓதம் வெளியேற வழியின்றி மேலும் மேலும் ஏறும். அதனோடு வந்த உப்பு பூச்சின் பின்னே பூத்துப் பூச்சைத் தள்ளும். இரண்டொரு மழைக்காலத்தில் சிமெண்டுப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து, தன்னோடு பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். அதனைக் கண்டோர் பழைய சுவர் இற்றுவிட்டது, இனி இடிப்பதே வழி என்பர். இற்றது சுவரன்று, மருந்தென்று இட்டதே நோயாயிற்று. ஈரமுள்ள சுவர் வெம்மையையும் விரைந்து கடத்தும் ஆதலின், ஓதமேறிய வீடு மழையில் நாறுவதோடு வெயிலிற் புழுங்கவும் செய்யும்.

ஓதத்திற்கு வழிவிடல் வேண்டும் என்பது நம் நாட்டார் மட்டும் அறிந்த உண்மையன்று. ஏறக்குறைய 2,000 ஆண்டுக்கு முன் உரோமாபுரியில் கட்டட நூல் இயற்றிய விட்ருவியஸ், ஈரமேறிய சுவருக்குள்ளே சிறிது இடைவெளி விட்டு இரண்டாவது மெல்லிய சுவர் எழுப்பி, அவ்விடைவெளியில் காற்றுக்கும் நீருக்கும் போக்கு வைக்குமாறு கூறியுள்ளார்.

புதிய காப்பும் அதன் முறையும்

இக்காலத்தில் புறச்சுவர்க்கு வெப்பக் காப்பிடும் பொருள்கள் பல அங்காடிக்கு வந்துள்ளன. தெர்மோகோல் செங்கல்லினும் இருபதில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே வெம்மையைக் கடத்தும். 1920-களில் சுவீடன் நாட்டிற் கண்டறியப்பட்ட காற்றேற்றிய இலகுகற்காரைக் கற்கள் செங்கல்லில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே கடத்துவன. 2018-இல் இந்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பை வீடுகளுக்கென வகுத்தது. கூரை நீங்கலாக வீட்டின் புறவுறை வழியே நுழையும் வெம்மை, சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேற்படலாகாது என்பது நம் போன்ற வெப்ப மண்டலங்களுக்கு அது விதித்த வரம்பு. சுவரைப் பற்றி அரசே கணக்குக் கேட்கும் காலம் வந்துவிட்டது.

ஆயினும் பொருள் நல்லதாயின் போதாது. இடும் இடமும் அறிதல் வேண்டும். குளிர்நாடுகளில் வீட்டின் உள்ளே சூடும் ஆவியும் மிகுதி. ஆவி உள்ளிருந்து புறம் செல்லும். நம் நாட்டில் குளிர்சாதனம் வைத்த அறையில் இது தலைகீழாகின்றது; புறத்தேயுள்ள ஈரக்காற்று குளிர்ந்த அகத்தை நோக்கி வரும். அந்நிலையில் சுவரின் உட்புறத்தில் நெகிழித் தாளோ, ஆவி புகாத பலகையோ ஒட்டிவைத்தால், வந்த ஈரம் அதன் பின்னே நீர்த்துளியாகி நிற்கும், பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே நம் நாட்டில் காப்பு புறத்தே இருத்தலே முறை. அங்ஙனம் இருப்பின் வெயிலும் சாரலும் புறத்திலேயே தடைப்படும்; செங்கற்சுவர் நிழலிலுள்ளதுபோல் தண்ணிதாய் நிற்கும். குளிர்நாட்டு வழக்கத்தை அவ்வாறே படியெடுப்போர் இவ்வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும்.

பெருஞ்செலவு செய்ய இயலாதார்க்கும் வழியுண்டு. ஆங்கிலேயராய்ப் பிறந்து கேரளத்தையே வாழ்விடமாகக் கொண்ட லாரி பேக்கர் (1917–2007) எலிப்பொறிக் கட்டு என்னும் முறையைப் பரப்பினார். செங்கல்லைப் படுக்க வையாமல் விளிம்பில் நிறுத்தி, ஒன்பது அங்குலச் சுவருக்குள்ளேயே வெற்றிடம் விட்டுக் கட்டுவது அது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெம்மையைத் தடுக்கும். வேய்ந்த கூரையில் காற்று செய்த தொழிலையே இங்குச் சுவரில் செய்கின்றது. நம் பாட்டனார் கூரையை விட்டுப் போயினும், அதன் நெறி மறுபடியும் நம்மிடம் வந்துள்ளது.

பொதுச்சுவரும் பங்காளியும்

இனி நம் சங்கத்தார் தனிப்பட எண்ணவேண்டியது ஒன்றுண்டு. நம் பழைய தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டி நின்றது. இரு வீட்டிற்கும் ஒரு சுவர் பொதுவாயிருந்தது. அப்பொதுச்சுவர்மேல் வெயில் என்றும் பட்டதில்லை. நாற்புறச் சுவரில் இருபுறம் அயலார் வீட்டால் காக்கப்பட்டிருந்தது. அஃதாவது, ஒருவர் வீடு மற்றவர் வீட்டிற்கு வெப்பக் காப்பாயிற்று.

இப்போதோ, பாகப்பிரிவினைக்குப் பின் ஒரு பங்காளி தன் பங்கை விற்கின்றார். வாங்கினவர் தூணையும் கதவையும் பழம்பொருள் வணிகருக்குக் கொடுத்து வீட்டைத் தரைமட்டமாக்குகின்றார். அன்றுவரை உட்சுவராய் நின்றது அன்றே புறச்சுவராகின்றது. அதற்கு இறவாரம் இல்லை. மழைக்குரிய பூச்சும் இல்லை. அடுத்த கோடையில் அவ்வீட்டார் வெந்து வாடுவர். அடுத்த மழையில் சுவர் ஊறும். சில ஆண்டில் அதுவும் விழும். ஒரு வீடு வீழ்ந்தால் தெருவே ஒன்றன்பின் ஒன்றாக வீழ்வதன் காரணம் இதுவே. வழக்காடு மன்றத்தில் பங்கைப் பிரித்துக்கொள்ளலாம். நிழலைப் பிரித்துக்கொள்ள முடியாது. இவ்விழப்பு பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிட்ட முதியோர்மேல் விழுகின்றது. வெளியூரில் வாழும் பங்காளிகள் இதனைக் கருதவேண்டுமென மிகவும் வேண்டுகின்றோம்.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, பங்கை இடிக்க நேரிடின், இடிக்குமுன் அண்டை வீட்டாரோடு கலந்து, வெளிப்படும் சுவருக்குப் பூச்சும் மேலே சாய்ப்பும் போடும் செலவை இடிப்பவரே ஏற்கும்படி எழுதிக்கொள்ளல் வேண்டும். இரண்டாவது, மண்ணாலோ சுண்ணாம்பாலோ ஆகிய பழஞ்சுவரைச் சுண்ணாம்பாலேயே பழுது பார்த்தல் வேண்டும். முன்பே சிமெண்டு பூசியிருப்பின், அடிப்பகுதியிலேனும் அதனைக் களைந்து சுவரை ஆறவிடல் வேண்டும். மூன்றாவது, கிழக்கு மேற்குச் சுவர்களுக்கு முதலில் நிழல் தேடல் வேண்டும்; மரம், பந்தல், கீற்றுத் தட்டி, சாய்ப்பு எதுவாயினும் ஆகுக. நான்காவது, தளத்திற்கும் சுவருக்கும் ஆண்டுதோறும் வெள்ளையடித்தல். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஐந்தாவது, புதிதாய்க் காப்பிடுவோர் தளத்தை முதலிலும், மேற்குச் சுவரை அடுத்தும், அதுவும் புறத்திலும் கருதுக.

இன்னும் ஒன்று. சுண்ணாம்பு நீற்றவும் காரை அரைக்கவும் பதமறிந்து பூசவும் வல்ல முதிய கொத்தனார் நம் ஊர்களில் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். சங்கத்துக் கல்வி நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அவரிடம் இளைஞர் சிலரைப் பயில வைப்பது நலமாம். கூலி உயர்த்திக் கொடுத்து மதித்தாலன்றி அக்கலை நில்லாது.

தீக்கு அஞ்சிக் கூரையை விட்டோம், அது தக்கதே. உழைப்பிற்கு அஞ்சிச் சுண்ணாம்பை விட்டோம். அதற்கும் காரணம் உண்டு. ஒன்றை விடும்போது அது செய்த தொழிலை வேறெது செய்யும் என்று கேளாமல் விட்டதே நம் குறை. அக்கேள்வியை இனியேனும் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தலைவியும் கொத்தனார் வாயிலில் வந்து நிற்கும்போது கேட்பாராக. இவ்வாண்டு மழைக்குமுன் தத்தம் வீட்டுச் சுவரைச் சுற்றிவந்து, நிழலின்றி நிற்பது எது, ஓதம் ஏறியது எது, மூச்சடைத்தது எது என்று பார்த்துவைக்குமாறு அங்கத்தினர் அனைவரையும் அன்புடன் கேட்டுக்கொள்கின்றோம்.